அந்தியோக்கியா

அந்தியோக்கியா என்பது பண்டைய சிரியாவில் ஒரோண்டசு ஆற்றின் கரையில் அமைந்திருந்த பெருநகரம் ஆகும். கி.மு. 300 அளவில் செலூக்கசு நிக்காத்தோர் என்னும் கிரேக்க அரசரால் இது நிறுவப்பட்டது. உரோமைப் பேரரசில் உரோமை, அலெக்சாந்திரியா ஆகிய நகரங்களுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்ட இந்நகரம், தொடக்ககாலக் கிறித்தவத்தின் வரலாற்றில் எருசலேமுக்கு அடுத்த இடத்தைப் பெறுகிறது. இயேசுவைப் பின்பற்றியோர் "கிறித்தவர்" என்னும் பெயரால் முதன்முதலில் அழைக்கப்பட்டது இந்நகரில்தான் என்று புதிய ஏற்பாட்டு நூலாகிய திருத்தூதர் பணிகள் கூறுகிறது. இன்று இவ்விடத்தில் துருக்கி நாட்டின் அத்தாய் மாகாணத் தலைநகராகிய அந்தாக்கியா அமைந்துள்ளது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் இந்நகரின் பெயர் அந்தியோக்கியா என்றும் அந்தியோகியா என்றும் இருவகையாகக் காணப்படுகிறது.

பெயர்

அந்தியோக்கியா என்னும் பெயர் அந்தியோக்கசு என்னும் ஆட்பெயரிலிருந்து பிறந்தது. இது செலூக்கசின் தந்தையின் பெயர் ஆகும். செலூக்கசின் மகனும் இதே பெயரைத் தாங்கியதால், நகரம் மகனின் பெயரால் அழைக்கப்பட்டது என்று கருதியோரும் பண்டைக் காலத்தில் இருந்தனர். கிரேக்கச் சொல்லின் பகுதிகளைக் கொண்டு, அந்தியோக்கசு என்பதற்கு "எதிர்த்து நிற்பவர்" என்று பொருள் கூறுவர்.

செலூக்கசு தம் குடும்பத்தாரின் பெயர்களை நாடெங்கும் நகரங்களுக்குச் சூட்டினார். தந்தையின் பெயரால் பதினாறு நகரங்களையும், தாய் இலவோதிக்கேயாவின் பெயரால் ஐந்து நகரங்களையும், தம் பெயரால் ஒன்பது நகரங்களையும் அவர் அமைத்ததாக வரலாற்றாசிரியர் அப்பியன் குறிப்பிடுகிறார். ஆகவே அந்தியோக்கியா என்ற பெயரில் பல ஊர்கள் இருந்தன. அவற்றிலிருந்து வேறுபடுத்துவதற்காக இந்நகரம் "ஒரோண்டசுக் கரை அந்தியோக்கியா" என்றும், அருகிலிருந்த தாப்னே என்னும் சோலையூரைச் சார்த்தி "தாப்னே அருகிலுள்ள அந்தியோக்கியா" என்றும் குறிக்கப்பட்டது.

விவிலியம் படிப்போர் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். திருத்தூதர் பணிகள் நூலின் 13ஆம் அதிகாரத்தில் இரண்டு அந்தியோக்கியாக்கள் வருகின்றன. பவுலையும் பர்னபாவையும் மறைப்பணிக்கு அனுப்பியது சிரியாவின் அந்தியோக்கியா. அவர்கள் சென்று தொழுகைக் கூடத்தில் உரையாற்றியது சின்ன ஆசியாவின் உட்பகுதியில் இருந்த பிசிதியா அந்தியோக்கியா.

அமைவிடமும் நிறுவப்படுதலும்

மத்தியதரைக் கடலிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. உள்ளே, ஒரோண்டசு ஆற்றுக்கும் சில்பியுசு மலைக்கும் இடையே நகரம் அமைந்தது. மெசொப்பொத்தாமியாவிலிருந்து கடலுக்கு வரும் வணிகப் பாதையும், எகிப்திலிருந்து சின்ன ஆசியாவுக்குச் செல்லும் பாதையும் இப்பகுதியில் சந்தித்தன. ஆற்று முகத்துவாரத்தை அடுத்து இருந்த செலூக்கியா பியேரியா இதன் துறைமுகம் ஆகும்.

மாவீரன் அலெக்சாந்தரின் மறைவுக்குப் பின் அவருடைய படைத்தலைவர்கள் பேரரசைப் பங்கிட்டுக்கொள்ளப் போரிட்டனர். கி.மு. 301இல் இப்சுசு போரில் அந்திகோனசு தோற்று இறந்தார். அவர் அருகிலேயே கட்டத் தொடங்கியிருந்த அந்திகோனியா நகரின் மக்களைச் செலூக்கசு தமது புதிய நகரில் குடியேற்றினார். கிரேக்கர், மக்கெதோனியர், உள்நாட்டுச் சிரியர், யூதர் ஆகியோர் தொடக்கம் முதலே இங்கு வாழ்ந்தனர். இப்பன்மொழிச் சூழல் பின்னர் கிறித்தவ வரலாற்றில் முக்கியத்துவம் பெற்றது.

நகரின் காவல் தெய்வமாகிய தீக்கேயின் சிலையை யூத்திக்கிதீசு என்னும் சிற்பி வடித்தார். பாறைமீது ஒரு பெண் அமர்ந்திருக்க, அவளது காலடியில் ஒரோண்டசு ஆறு நீந்தும் இளைஞன் உருவில் காட்டப்பட்டது. இதன் உரோமைக் காலப் படி ஒன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது.

உரோமை ஆட்சி

கி.மு. 64இல் உரோமைத் தளபதி பொம்பேயு சிரியாவைக் கைப்பற்றினார். அந்தியோக்கியா சிரியா மாநிலத்தின் தலைநகரானது. பெரிய ஏரோது அரசர் நகரின் முதன்மைத் தெருவுக்குப் பளிங்குக் கல் பதித்தார் என்று யோசேப்பசு எழுதியுள்ளார். இருபுறமும் தூண் வரிசைகளைக் கொண்ட இத்தெரு நகரின் அடையாளமாக விளங்கியது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் நகரின் மக்கள் தொகையை யோவான் கிறிசோசுதோம் இரண்டு இலட்சம் எனக் கணக்கிடுகிறார்.

கிறித்தவத்தின் தொடக்கம்

எருசலேமில் திருத்தூதர்கள் பணிவிடைக்கெனத் தேர்ந்தெடுத்த எழுவருள் ஒருவராகிய நிக்கொலா, யூத சமயத்தைத் தழுவியிருந்த அந்தியோக்கியா நகரத்தார் ஆவார். எழுவருள் மற்றொருவராகிய சுதேவான் கொல்லப்பட்டபோது எழுந்த துன்புறுத்தலால் இயேசுவின் சீடர்கள் பல திசைகளிலும் சிதறினர். அவர்களுள் சிலர் பெனிசியா, சைப்பிரசு ஆகிய இடங்கள் வழியாக அந்தியோக்கியா வரை வந்தனர். பெரும்பாலோர் யூதர்களுக்கு மட்டுமே போதித்தனர். ஆனால் சைப்பிரசையும் சிரேனையையும் சேர்ந்த சிலர் இந்நகரில் கிரேக்கரிடமும் பேசத் தொடங்கினர். இவர்களுடைய பெயர்களைத் திருத்தூதர் பணிகள் நூல் தரவில்லை. யூதரல்லாதாருக்குக் கிறித்தவம் திட்டமிட்டு அறிவிக்கப்பட்ட முதல் பெருநகரம் இவ்வாறு உருவானது.

செய்தி எருசலேமை எட்டியதும், அங்கிருந்த சபை பர்னபாவை அனுப்பியது. அவர் தர்சு நகருக்குச் சென்று பவுலைத் தேடி அழைத்து வந்தார். இருவரும் ஓராண்டு அந்தியோக்கியாவில் தங்கிக் கற்பித்தனர். கிளவுதியுசு பேரரசரின் காலத்தில் பஞ்சம் ஏற்பட்டபோது, அந்தியோக்கியச் சீடர்கள் யூதேயாவிலிருந்த சபையாருக்குப் பண உதவி அனுப்பினர். தாய்ச் சபைக்கு மகள் சபை உதவிய இந்நிகழ்ச்சி இரு சபைகளுக்கும் இடையே இருந்த உறவைக் காட்டுகிறது.

சபையின் வழிகாட்டிகளாக ஐவர் குறிக்கப்படுகின்றனர். அவர்கள் சைப்பிரசில் பிறந்த பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேனையைச் சேர்ந்த லூக்கியு, குறுநில மன்னன் ஏரோதுடன் வளர்ந்த மனாயீன், தர்சு நகரத்துப் பவுல் ஆகியோர் ஆவர். வெவ்வேறு நாடுகளையும் நிலைகளையும் சேர்ந்தோர் ஒரு சபையை நடத்தினர் என்பது இப்பட்டியலால் தெரிகிறது. பவுலின் மூன்று மறைப்பணிப் பயணங்களும் இந்நகரிலிருந்தே தொடங்கின.

"கிறித்தவர்" என்னும் பெயர்

சீடர்கள் தங்களை "சகோதரர்", "சீடர்", "நெறியைச் சார்ந்தோர்" என்றே அழைத்துக்கொண்டனர். "கிறித்தவர்" என்ற பெயர் வெளியாரால் இடப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, புதிய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது. ஓரிடத்தில் அது அகிரிப்பா அரசரின் வாயில் வருகிறது. மற்றோரிடத்தில், கிறித்தவர் என்பதற்காகத் துன்புறுவதைப் பற்றிப் பேதுருவின் முதல் திருமுகம் பேசுகிறது. பவுல் தம் திருமுகங்கள் எவற்றிலும் இச்சொல்லைப் பயன்படுத்தவில்லை.

இரண்டாவது, யூதர்கள் இப்பெயரை இட்டிருக்க இயலாது. "கிறித்து" என்பது மெசியா என்னும் எபிரேயச் சொல்லின் கிரேக்க மொழிபெயர்ப்பு. அருட்பொழிவு பெற்றவர் என்பது இதன் பொருள். இயேசுவை மெசியாவாக ஏற்காதோர் அவருடைய சீடர்களுக்கு மெசியாவின் பெயரை அளித்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, இச்சொல்லின் விகுதி இலத்தீன் மொழிக்கு உரியது. ஒரு தலைவரின் கட்சியினரையோ, ஒருவருடைய வீட்டைச் சார்ந்தோரையோ குறிக்க உரோமையர் இவ்விகுதியைப் பயன்படுத்தினர். ஏரோதின் ஆதரவாளர்கள் ஏரோதியர் எனப்பட்டதும் இவ்வாறே. எனவே "கிறித்து என்பவருடைய ஆட்கள்" என்பதே இப்பெயரின் முதற்பொருள்.

எபிரேயக் கருத்து, கிரேக்கச் சொல், இலத்தீன் விகுதி ஆகிய மூன்றும் இணைந்த இப்பெயர், அம்மூன்று மரபுகளும் கலந்து வாழ்ந்த நகரில் பிறந்தது இயல்பே. யூதரும் கிரேக்கரும் ஒரே குழுவாகக் கூடியபோது, அக்குழுவை யூதர் என்றோ கிரேக்கர் என்றோ அழைக்க முடியாத நிலை ஏற்பட்டது. அதனால் ஒரு புதிய பெயர் தேவைப்பட்டது.

உணவு மேசைச் சிக்கல்

ஒரே பெயரால் அழைக்கப்பட்டோர் ஒரே மேசையில் உண்ணலாமா என்ற கேள்வி இந்நகரில் எழுந்தது. யூதர்கள் உணவு பற்றிய திருச்சட்ட விதிகளைக் கடைப்பிடித்தனர். பிற இனத்தாருடன் உண்பதைப் பலர் தவிர்த்தனர். அந்தியோக்கியாவுக்கு வந்த பேதுரு முதலில் பிற இனத்துச் சீடர்களுடன் அமர்ந்து உண்டார். பின்னர் யாக்கோபிடமிருந்து சிலர் எருசலேமிலிருந்து வந்ததும், அவர்களுக்கு அஞ்சி விலகிக்கொண்டார். பர்னபாவும் அவ்வாறே விலகினார். அனைவர் முன்னிலையிலும் பேதுருவைத் தாம் கண்டித்ததாகப் பவுல் கலாத்தியர் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் எழுதியுள்ளார்.

பிற இனத்தார் கிறித்தவராவதற்கு முதலில் விருத்தசேதனம் செய்து யூதராக வேண்டுமா என்ற வழக்கும் அந்தியோக்கியாவிலிருந்தே எருசலேமுக்குச் சென்றது. கி.பி. 49 அளவில் கூடிய எருசலேம் சங்கம், அது தேவையில்லை எனத் தீர்ப்பளித்தது. கிறித்தவம் யூத சமயத்தின் ஒரு பிரிவாக நின்றுவிடாமல் தனிச் சமயமாக வளர்வதற்கு இம்முடிவு வழி வகுத்தது.

அந்தியோக்கியாவின் ஆயர்கள்

திருச்சபை மரபின்படி, அந்தியோக்கியாவின் சபைக்குப் பேதுரு அடித்தளமிட்டார். யூசேபியுசு தரும் வரிசையில் எவோதியுசு முதல் ஆயராகவும், இஞ்ஞாசியார் அடுத்தவராகவும் உள்ளனர்.

இஞ்ஞாசியார் திராயான் பேரரசரின் காலத்தில் கைதாகி, காவல் வீரர்களுடன் உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். வழியில் அவர் எழுதிய ஏழு கடிதங்கள் கிடைத்துள்ளன. "கிறித்தவம்" என்று சமயத்தைக் குறிக்கும் சொல்லும், "கத்தோலிக்கத் திருச்சபை" என்னும் தொடரும் கிடைத்துள்ள நூல்களுள் முதன்முதலில் இக்கடிதங்களிலேயே காணப்படுகின்றன. வெளியார் இட்ட பெயரை, அந்நகரின் ஆயரே பெருமைக்குரிய பெயராக ஏற்றுக்கொண்டதை இவை காட்டுகின்றன.

2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆயராயிருந்த தெயோபிலசு, கடவுளைக் குறித்து "மும்மை" என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லை முதலில் எழுதியவர் ஆவார். சமோசாத்தா ஊரைச் சேர்ந்த பவுல் என்னும் ஆயர் தமது கொள்கைக்காக கி.பி. 268இல் பதவி நீக்கம் செய்யப்பட்டார். அவர் ஆலயக் கட்டடத்தை விட்டு வெளியேற மறுத்தார். வழக்கு அவுரேலியன் பேரரசரிடம் சென்றது. இத்தாலியிலும் உரோமையிலும் உள்ள ஆயர்கள் யாருடன் கடிதத் தொடர்பு கொண்டுள்ளனரோ அவருக்கே கட்டடம் உரியது என்று அவர் தீர்ப்பளித்தார். கிறித்தவர் அல்லாத பேரரசர் ஒருவர் திருச்சபைச் சொத்து வழக்கைத் தீர்த்தது குறிப்பிடத்தக்கது.

கி.பி. 325இல் கூடிய நீசேயா பொதுச்சங்கத்தின் 6ஆம் விதி, உரோமை, அலெக்சாந்திரியா ஆகியவற்றுடன் அந்தியோக்கியாவின் சிறப்புரிமைகளையும் உறுதி செய்தது.

நான்காம் நூற்றாண்டு

கான்சுதந்தீன் தொடங்கிய எண்கோண வடிவப் பெருங்கோவில் கி.பி. 341இல் நேர்ந்தளிக்கப்பட்டது. பொன்முலாம் பூசிய கூரையைக் கொண்டிருந்ததால் அது "பொற்கோவில்" எனப்பட்டது.

பழைய சமயங்களை மீட்க முயன்ற யூலியன் பேரரசர் 362ஆம் ஆண்டு இங்கு தங்கினார். தாப்னேயில் அப்பல்லோ கோவிலருகே புதைக்கப்பட்டிருந்த பபிலாசு என்னும் மறைச்சாட்சியின் உடலை அகற்றுமாறு அவர் ஆணையிட்டார். கிறித்தவர்கள் அதனை ஊர்வலமாக நகருக்கு எடுத்துச் சென்றனர். சில நாள்களில் அப்பல்லோ கோவில் தீக்கிரையானது. தம்மை எள்ளிய நகரமக்களுக்கு விடையாக யூலியன் "தாடி வெறுப்பவன்" என்னும் பொருள்படும் தலைப்பில் ஓர் அங்கத நூல் எழுதினார்.

387ஆம் ஆண்டு புதிய வரி ஒன்றை எதிர்த்து மக்கள் கலகம் செய்து, பேரரசர் தெயோதோசியுசின் குடும்பத்தாரின் சிலைகளை உடைத்தனர். இது அரசத் துரோகமாகக் கருதப்பட்டது. நகரம் முழுவதும் அழிக்கப்படும் என்று மக்கள் அஞ்சினர். முதியவரான ஆயர் பிளாவியன், குளிர்காலம் முடியுமுன்னரே கான்சுதாந்திநோபிளுக்குப் பயணம் சென்று மன்னிப்பு வேண்டினார். அவர் திரும்பும்வரை குருவாக இருந்த யோவான் கிறிசோசுதோம் மறையுரைகள் வழியாக மக்களுக்கு ஆறுதல் அளித்தார். இறுதியில் பேரரசர் மன்னித்தார். "பொன்வாய்" என்னும் பொருள்படும் கிறிசோசுதோம் என்ற பெயர் இவருடைய சொல்வன்மைக்காகப் பிற்காலத்தில் வழங்கப்பட்டது. பழைய சமயத்தைச் சார்ந்த பேச்சாளர் இலிபானியுசு இவருடைய ஆசிரியர் என்பது மரபு. நகரத் திருச்சபை 3000 கைம்பெண்களையும் கன்னியரையும் பராமரித்தது என்று கிறிசோசுதோம் குறிப்பிடுகிறார்.

விவிலிய விளக்க மரபும் பிளவுகளும்

விவிலியத்தின் நேரடிப் பொருளுக்கும் வரலாற்றுச் சூழலுக்கும் முதன்மை அளித்த விளக்க முறை "அந்தியோக்கிய மரபு" எனப்படுகிறது. உருவகப் பொருளை வலியுறுத்திய அலெக்சாந்திரிய மரபினின்று இது வேறுபட்டது. தர்சு தியோதோர், மொப்சுவேசுதியா தெயோதோர் ஆகியோர் இதன் முக்கிய அறிஞர்கள். இம்மரபில் பயின்ற நெசுத்தோரியுசின் போதனையை 431இல் எபேசு பொதுச்சங்கம் கண்டித்தது.

451இல் கூடிய கால்செதோன் பொதுச்சங்கம், கிறித்து இரு இயல்புகளை உடையவர் என வரையறுத்தது. அதனை ஏற்றோரும் மறுத்தோரும் அந்தியோக்கியாவின் ஆயர் பதவிக்காகப் போட்டியிட்டனர். கால்செதோனை எதிர்த்த செவேருசு 512 முதல் 518 வரை மறைமுதுவராக இருந்து, பின் எகிப்துக்குத் தப்பிச் சென்றார். அதன் பின்னர் ஒரே பட்டத்தைத் தாங்கும் இரு வரிசைகள் நிலைபெற்றன.

நிலநடுக்கங்களும் பெயர் மாற்றமும்

நகரம் நிலநடுக்கப் பகுதியில் அமைந்துள்ளது. கி.பி. 115இல் திராயான் பேரரசர் இங்கு தங்கியிருந்தபோது ஏற்பட்ட நிலநடுக்கத்தில் பலர் மடிந்தனர். பேரரசர் சாளரம் வழியாக உயிர் தப்பினார் என்று காசியுசு தியோ எழுதியுள்ளார்.

526ஆம் ஆண்டு மே மாதம் ஏற்பட்ட நிலநடுக்கமே பண்டைக் காலத்தில் மிகக் கொடியது. ஆண்டவரின் விண்ணேற்ற விழாவை ஒட்டி வெளியூர் மக்களும் நகரில் கூடியிருந்தனர். இரண்டரை இலட்சம் பேர் இறந்ததாக நகரைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் மலாலாசு கூறுகிறார். இடிபாடுகளில் தீப்பற்றிப் பொற்கோவிலும் அழிந்தது. மறைமுதுவர் எவுபிராசியுசும் மாண்டார். 528இல் மீண்டும் நிலம் நடுங்கியது. அதன் பின்னர், கடவுளின் பாதுகாப்பை வேண்டி நகரின் பெயர் "தெயோபோலிசு", அதாவது "கடவுளின் நகர்" என மாற்றப்பட்டது. ஆவணங்களிலும் நாணயங்களிலும் இடம்பெற்ற இப்புதுப்பெயர் மக்கள் வழக்கில் நிலைக்கவில்லை.

பெயரைப் பாரசீகரும் எடுத்துச் சென்றனர். 3ஆம் நூற்றாண்டில் நகரைக் கைப்பற்றிய முதலாம் சாபூர், சிறைப்பிடித்த மக்களைக் குந்தேசாபூரில் குடியேற்றினார். "சாபூர் கட்டிய, அந்தியோக்கியாவினும் சிறந்த நகர்" என்பது அந்நகர்ப் பெயரின் பொருள். 540இல் நகரைச் சூறையாடிய முதலாம் கொசுரோவும் அவ்வாறே தெசிபோன் அருகில் ஒரு நகரைக் கட்டினார். தெருக்களும் வீடுகளும் அந்தியோக்கியாவைப் போலவே அமைந்திருந்ததால், சிறைப்பட்டோர் தத்தம் வீட்டிற்குள் நுழைவதுபோல் நுழைந்தனர் என்னும் கதையை அல்-தபரி பதிவு செய்துள்ளார்.

பிற்கால வரலாறு

638 அளவில் அரேபியர் நகரைக் கைப்பற்றினர். அரபு மொழியில் இது அந்தாக்கியா எனப்பட்டது. குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தில் பெயரின்றிக் கூறப்படும், தூதர்கள் அனுப்பப்பட்ட ஊர் இதுவே என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து. அதில் வரும் நம்பிக்கையாளராகக் கருதப்படும் அபீபு நச்சாரின் பெயரால் நகரில் ஒரு பள்ளிவாசல் உள்ளது.

969இல் பைசாந்தியரும், 1084இல் செல்யூக்குத் துருக்கியரும், எட்டு மாத முற்றுகைக்குப் பின் 1098இல் சிலுவைப் போர் வீரர்களும் நகரைக் கைப்பற்றினர். 1268இல் எகிப்திய சுல்தான் பைபர்சு கைப்பற்றியபோது மக்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டனர் அல்லது அடிமைகளாயினர். அதன்பின் அது சிற்றூராகச் சுருங்கியது. 1516இல் உதுமானியர் வசமானது. முதல் உலகப் போருக்குப்பின் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்து, 1939இல் துருக்கியுடன் இணைக்கப்பட்டது.

1932 முதல் 1939 வரை நடைபெற்ற அகழ்வாய்வுகளில் ஏறத்தாழ 300 தளப் பதிகல் ஓவியங்கள் கண்டெடுக்கப்பட்டன. தேடப்பட்ட பொற்கோவிலின் தடயம் கிடைக்கவில்லை. பண்டைய நகரின் பெரும்பகுதி ஆற்று வண்டலின் அடியில் ஆழமாகப் புதைந்துள்ளது. சில்பியுசு மலைத்தொடரின் சரிவில் உள்ள தூய பேதுரு குகைக் கோவில், தொடக்ககாலக் கிறித்தவர் கூடிய இடம் என மரபாகப் போற்றப்படுகிறது.

மறைமுதுவர் பட்டம்

"அந்தியோக்கியாவின் மறைமுதுவர்" என்னும் பட்டத்தை இன்று ஐந்து திருச்சபைகளின் தலைவர்கள் தாங்குகின்றனர்:

கிரேக்க மரபுவழித் திருச்சபை - தமாசுக்கு
சிரிய மரபுவழித் திருச்சபை - தமாசுக்கு
மெல்கித்தே கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை - தமாசுக்கு
மாரோனித்தத் திருச்சபை - லெபனான்
சிரியக் கத்தோலிக்கத் திருச்சபை - லெபனான்

இவர்களுள் எவரது இருக்கையும் அந்தியோக்கியாவில் இல்லை. சிரிய மரபுவழி மறைமுதுவர்கள் அனைவரும் இஞ்ஞாசியார் நினைவாக "இக்னாத்தியோசு" என்னும் பெயரை ஏற்கின்றனர். கேரளத்தின் யாக்கோபிய சிரியன் கிறித்தவர்கள் இவ்வரிசையின் தலைமையை ஏற்பவர்கள். அங்கு நிலவிய பிணக்கைத் தீர்க்க வந்த மறைமுதுவர் மூன்றாம் இக்னாத்தியோசு எலியாசு, 1932இல் கேரளத்தின் மஞ்ஞினிக்கரையில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

2023 நிலநடுக்கம்

2023 பெப்ரவரி 6 அன்று துருக்கியையும் சிரியாவையும் தாக்கிய 7.8 அளவு நிலநடுக்கத்தில் அந்தாக்கியா மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. துருக்கியில் மட்டும் 53,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பழைய நகர்ப்பகுதியின் பெரும்பாலான கட்டடங்கள் இடிந்தன. தூய பவுல் கிரேக்க மரபுவழிக் கோவிலும், அபீபு நச்சார் பள்ளிவாசலும் ஒரே நாளில் வீழ்ந்தன. அந்நகரில் எஞ்சியிருந்த சிறிய கிறித்தவச் சமூகத்தினரில் பலர் வேறு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தனர். பல முறை இடிந்தும் அதே இடத்தில் மீண்டும் கட்டப்பட்டதே இந்நகரின் வரலாறு ஆகும்.